நடுப்பாட்டில் போர்த்திய பொன்னாடை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்தும் உருப்படியாக நிற்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவது என் மானம் போன கதை. போவதற்கு முன்னால் எவ்வளவு மானம் இருந்தது என்று கேட்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. என் எழுத்தை நானே திரும்ப வாசிக்க முடியாது. அதனால் நான் சொல்லச் சொல்ல பேத்தி மாளவிகா கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். (அடிக்கும்போது சிரிக்கக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். இப்போதே சிரிக்கிறாள்.)

வலியசாலையில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒரு சபையில் யாருக்கு எப்போது என்ன மரியாதை செய்ய வேண்டும் என்று சந்தேகம் வந்தால் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். நாகர்கோவிலில் இருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் பார்க்கிறேன், கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் பொன்னாடை போர்த்துவது எங்கள் வீட்டு முறை. வீட்டுக்காரர் போன பிறகு அது என் கைக்கு வந்தது.

போர்த்துவது என்றால் சும்மா இல்லை. வித்துவான் கடைசிச் சுரத்தை இறக்குவார். வாயிலிருந்து நாதஸ்வரத்தை எடுப்பார். ஜனம் கை தட்டும். அந்தக் கைதட்டு ஓய்வதற்குள் பொன்னாடை அவர் தோளில் விழுந்திருக்க வேண்டும். ஓய்ந்த பிறகு போய் நின்றால், பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு பாயசம் கொண்டு வந்த மாதிரி. எதிர்வீட்டு நாராயண பிள்ளை ஒரு தடவை செருப்பைத் தேடிக்கொண்டு நின்று இந்த நேரத்தைக் கோட்டைவிட்டார். அதற்கப்புறம் அவர் கையில் யாரும் பொன்னாடை கொடுத்ததில்லை. நான் ஒருநாளும் தவறியது கிடையாது.

வாத்தியம் வாயைவிட்டு இறங்கினால், ஜனம் கை தட்டினால், பாட்டு முடிந்தது. எனக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நான் ஜாஸ் கேட்கப் போனேன்.

போனது என் மூத்த மகள் செண்பகத்துக்காக. அவளுக்கு இருபது வயதில் அவள் அப்பா போய்விட்டார். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர், சர்வீஸில் இருக்கும்போதே போனதால் அவளுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள். அவளுக்குக் கீழே நாலு பேர். ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன் என்றேன் இல்லையா, சரியாகச் சொன்னால் அந்த நாலு பேரை நானும் அவளுமாக வளர்த்தோம். கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம், "தம்பிக்கு ஒரு வேலை ஆகட்டும்மா", "தங்கச்சிக்கு முடியட்டும்மா" என்று தள்ளிக்கொண்டே போனாள். கடைக்குட்டிக்குக் கல்யாணம் ஆனபோது பந்தலில் இவள் தலையில் பாதி நரைத்திருந்தது.

இங்கே ஐம்பத்தாறு ஆனால் சர்க்காரில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போட்ட மாலையோடு வந்து நின்றவளிடம், "இனி காலை நீட்டி டி.வி. பாரு பிள்ளே" என்றேன்.

"நான் பாடப் போறேம்மா" என்றாள்.

கோயிலில் பஜனை பாடப் போகிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இல்லை, இங்கிலீஷ் பாட்டு. ஆபீஸில் கிளாடிஸ் என்று ஒரு சிநேகிதி. இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்தில் பழைய ஃபைல் அடுக்கிய அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வருஷக்கணக்காகப் பாடியிருக்கிறார்கள். எனக்கு மூச்சுக்கூட விடவில்லை. (நான் கட்டிக் கொடுத்த புளிச்சாதத்தை எப்போது தின்றாள் என்பது இன்றுவரை தெரியாது.)

அந்தக் கிளாடிஸின் மாமா ஃப்ரெடி சார். எண்பது தாண்டியவர். சாக்ஸஃபோன் வாசிப்பார். அவருக்கு இரண்டு பழைய கூட்டாளிகள். டிரம்ஸ் அடிக்கிற ஸ்டான்லி சார் ஒருவர். இன்னொருவர் வேலாயுதன் ஆசான், ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வயலினை நிறுத்தி வைத்துக் கையால் மீட்டுகிறவர். கழக்கூட்டத்தில் ஐ.டி. பிள்ளைகள் வேலை விட்டு வந்து காப்பி குடித்துக்கொண்டு பாட்டுக் கேட்கிற ஒரு ஹால் இருக்கிறது. நடத்துவது நிமிஷா என்கிற பெண். மாதம் ஒரு சனிக்கிழமை இந்த மூன்று பெரியவர்களுக்கும் அங்கே ஒரு சாயங்காலம்: கொஞ்சம் வாசிப்பு, கொஞ்சம் பழைய கதை. பாட ஒரு ஆள் மட்டும் வேண்டும். நிமிஷா மனதில் கொச்சியில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். ஃப்ரெடி சார் செண்பகத்தின் பேரைச் சொன்னார்.

"ஒரு நாள் பாடட்டும். கொள்ளாம்னா மாசாமாசம் இவங்க. இல்லேன்னா கொச்சிக்காரி" என்று நிமிஷா சொல்லிவிட்டாள்.

ஆக, ஒரே ஒரு சாயங்காலம். முப்பத்தாறு வருஷம் ஃபைல் அறைக்குள் பாடியவளுக்கு வெளியே பாட ஒரே ஒரு சாயங்காலம். அன்று காலையில் அவள் பல் தேய்த்த பிரஷ்ஷில் மறுபடி பேஸ்ட் வைத்ததை நான் பார்த்தேன்.

"நீங்க வரணும்னு இல்லம்மா" என்றாள். "மாடி ஏறணும்."

"ஏறுவேன்."

"உங்களுக்குப் புரியாத பாட்டு."

"உங்க அப்பா பேசுனதுல பாதி எனக்குப் புரிஞ்சதில்ல. அதுக்காக வீட்டைவிட்டுப் போயிட்டேனா?"

"வந்தா பின்வரிசையில இருக்கணும். தொடையில தட்டித் தாளம் போடக் கூடாது. பக்கத்துல இருக்கறவங்கட்ட, பாடது எனக்க மகளாக்கும்னு சொல்லக் கூடாது."

"முதல் ரெண்டும் சரி" என்றேன்.

அப்புறம் கேட்டேன், பெரியவர்கள் மூன்று பேருக்கும் என்ன மரியாதை செய்யப் போகிறார்கள் என்று. "அங்க அந்த வழக்கமெல்லாம் கிடையாதும்மா" என்றாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நம் வீட்டுப் பெண் மூன்று வித்துவான்களோடு மேடை ஏறுகிறாள், நாம் வெறுங்கையோடு போய் உட்கார்ந்து காப்பி குடிப்பதா? அவள் குளிக்கப் போன நேரத்தில் சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தேன். அரக்கில் ஒன்று, பச்சையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, நல்ல அகலச் சரிகை. துணிப்பைக்கு அடியில் வைத்து, மேலே மாத்திரை டப்பாவையும் விசிறியையும் வைத்து மூடினேன்.

செண்பகம் மத்தியானமே போய்விட்டாள். மாளவிகா என்னை ஆட்டோவில் கூட்டிப் போனாள். தம்பானூரில் நின்று, பைபாஸில் நின்று, கழக்கூட்டம் போய்ச் சேர்வதற்குள் நான் ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிட்டேன்.

பின்வரிசையில்தான் உட்காருவது என்று தீர்மானமாகப் போனேன். அங்கே போய்ப் பார்த்தால் பின்வரிசை முழுக்க உயர உயரமான முக்காலி. அதில் ஏற வேண்டுமானால் எனக்கு ஏணி வேண்டும். நிமிஷா ஓடி வந்து கையைப் பிடித்து, "அம்மூம்மே, இங்க இரிக்காம்" என்று முதல் வரிசையில் ஒரு சோபாவில் கொண்டுபோய் அமர்த்தினாள். மேடை ஒரே ஒரு படி உயரம். கையை நீட்டினால் தொடலாம். இதை நான் விதி என்று சொல்லுவேன். செண்பகம் வேறு வார்த்தை சொல்லுவாள்.

பக்கத்தில் ஒரு தாடிக்காரப் பையன் இருந்தான். "பாடது எனக்க மகளாக்கும்" என்றேன். அவன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். நல்ல வளர்ப்பு.

முதலில் பேச்சு. நிமிஷா கேட்க, அவர்கள் சொன்னார்கள். ஃப்ரெடி சார் கோவளத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கின ஹோட்டல்களில் வாசித்த கதையைச் சொன்னார்.

"காலையில ஒரு சவ அடக்கத்துக்கு பேண்டு வாசிப்போம். சாயங்காலம் கல்யாணம். ராத்திரி ஹோட்டல். எல்லாத்துக்கும் ஒரே கருப்புக் கோட்டு. ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில சவப்பெட்டிக்குப் பின்னாடி நடந்துட்டே கல்யாணப் பாட்டைத் தொடங்கிட்டேன். எல்லாரும் திட்டினாங்க. செத்தவரோட பெண்டாட்டி மட்டும் ஒண்ணும் சொல்லல்ல."

வேலாயுதன் ஆசான் தன் பெரிய வயலினைத் தட்டிக் காட்டினார். "இதைத் தூக்கிட்டு பஸ்ஸில ஏறினா கண்டக்டர் இதுக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லுவான். ஒரு நாள் கோபத்தில எடுத்துட்டேன். எடுத்தா சீட்டு வேணுமில்லா? இதை சீட்டில உட்கார வச்சுட்டு நான் ஆலப்புழை வரைக்கும் நின்னுட்டுப் போனேன்."

ஸ்டான்லி சாரிடம் கேட்டபோது, "இவங்க ரெண்டு பேரும் பேசினா எனக்கு எப்பவும் நேரம் கிடைக்காது, அதான் சத்தமா இருக்கற வாத்தியத்தை எடுத்தேன்" என்றார்.

ஜனம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு நிமிஷா, இத்தனை வருஷம் வாசித்திருக்கிறீர்களே, ஊரில் யாராவது பார்த்தால் அடையாளம் தெரிந்து பேசுவார்களா என்று கேட்டாள். ஃப்ரெடி சார் சாதாரணமாகத்தான் சொன்னார்: "வெளிச்சம் ஆடறவங்க மேலதானே மோளே இருக்கும். நாங்க இருட்டில இருந்து வாசிச்சவங்க."

எனக்கு அது நெஞ்சில் வந்து விழுந்தது. மேடையைப் பார்த்தேன். ஒரு குத்துவிளக்கு இல்லை. ஒரு முழம் பூ இல்லை. காலடியில் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர். பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பொன்னாடைகள் பத்திரமாக இருந்தன.

செண்பகம் வந்தாள். ஆபீஸுக்குக் கட்டுகிற அதே நீலக் கைத்தறிப் புடவை, அதே கண்ணாடி. ஸ்டான்லி சார் பூந்துடைப்பம் மாதிரி இரண்டு குச்சியை வைத்து டிரம்மின் தோலை அரிசி புடைக்கிற சத்தத்தில் தடவ, இவள் பாடத் தொடங்கினாள். ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. ஆனால் அது யார் குரல் என்று எனக்கே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. "கேஸ் தீந்துபோச்சும்மா", "கரண்ட் பில் கட்டியாச்சு" என்று வீட்டில் கேட்கிற குரல் இல்லை அது. அடியில் ஏதோ இளகி, அவசரமே இல்லாமல் வந்தது. தாடிக்காரப் பையன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். நான் முந்தானையால் மூக்கைத் துடைப்பதைப் பார்த்து மாளவிகா தண்ணீரை நீட்டினாள். "தண்ணி வேண்டாம், எனக்கு ஒரு காப்பி வாங்கிட்டு வா" என்று அவளை அனுப்பினேன். (என்னைப் பிடித்து நிறுத்தக்கூடிய ஒரே ஆளை நானே அனுப்பினேன்.)

அப்போதுதான் அது நடந்தது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மைக்கை விட்டு இரண்டடி பின்னால் போனாள். தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டாள்.

மறந்துவிட்டாள் என்று எனக்கு உயிரே போய்விட்டது. இருக்கிறது ஒரே ஒரு சாயங்காலம், அதில் பாதிப் பாட்டில் வார்த்தையை மறந்துவிட்டு நிற்கிறாள். திரும்பிப் பார்த்தேன், நிமிஷா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்கிறாள். நல்லவேளை, ஃப்ரெடி சார் உடனே சாக்ஸஃபோனை எடுத்தார். தங்கக் கெண்டியை வளைத்து விட்ட மாதிரி ஒரு வாத்தியம். பிள்ளை தடுக்கி விழுந்தால் பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்களே, அதுபோல அவர் ஊதி ஊதி அந்த இடத்தை நிரப்பினார். அவர் வாயிலிருந்து வாத்தியம் இறங்கியது. ஜனம் கை தட்டியது.

எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. இப்போது மரியாதை நடந்தால், ஜனம் பொன்னாடையைப் பார்க்கும், போட்டோ எடுக்கும், செண்பகம் மறந்ததை மறந்துவிடும். கைதட்டு ஓய்வதற்குள் போக வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். இந்த முட்டிகளை வைத்துக்கொண்டு எப்படி அந்தப் படியில் ஏறினேன் என்று டாக்டர் இன்னமும் கேட்கிறார்.

முதலில் ஃப்ரெடி சார். அரக்கைப் பிரித்து விரித்தேன். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு பழைய காலத்து மனிதர் இல்லையா, குனிந்து தோளைக் கொடுத்தார். கழுத்தில் தொங்கின சாக்ஸஃபோனையும் சேர்த்து மூடினேன்.

அந்த நேரம் ஆசான் கண்ணை மூடிக்கொண்டு தன் வாத்தியத்தில் தனியாக டும், டுடும் என்று மெதுவாக மீட்டிக்கொண்டிருந்தார். அடுத்த பாட்டுக்குச் சுருதி சேர்க்கிறார் என்று நினைத்தேன். பாட்டு முடிந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா. பச்சையைப் போர்த்தினேன். அவர் உயரம், நான் குட்டை. பாதி அவர் தோளில், பாதி கம்பிகள்மேல். டும் என்று வந்தது தொப் என்று ஆனது. கண்ணைத் திறக்காமலே அவர் தொப், தொப் என்று வாசித்துக்கொண்டே போனார். ஜனம் மறுபடியும் கை தட்டியது. நான் செய்த மரியாதைக்குத்தான் தட்டுகிறார்கள் என்று திரும்பி நின்று சபைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

(மாளவிகா அடிப்பதை நிறுத்திவிட்டு மேஜையில் தலையை வைத்துவிட்டாள். கொஞ்சம் பொறுங்கள்.)

மிச்சம் ஸ்டான்லி சார். நான் மஞ்சளைப் பிரிக்கவும் அவர் இடி மாதிரி அடிக்கத் தொடங்கவும் சரியாக இருந்தது. மரியாதை நடக்கிறபோது கெட்டிமேளம் கொட்டுகிறார், முறை தெரிந்த மனிதர் என்று மெச்சிக்கொண்டேன். ஆனால் எனக்குப் பொன்னாடை போர்த்த ஒரு இடைவெளி வேண்டாமா? இரண்டு கையும் காற்றாடி மாதிரி சுற்றுகிறது. இடது பக்கம் போனேன், வலது பக்கம் போனேன். "சார், ஒரு நிமிஷம்" என்றேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். பணிவு என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் கொடியில் ஈரத்துணி வீசுகிற மாதிரி எட்டி வீசினேன்.

அது அவர் தோளில் விழவில்லை. பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்ற வெண்கலத் தட்டின்மேல் விழுந்தது. இழுத்தேன். சரிகை முனை மேலே இருந்த திருகில் மாட்டிக்கொண்டு வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

ஒரு அண்டா தன் மூடியோடு மாடிப்படியில் உருண்டால் எப்படி இருக்கும். அது மைக்கில் கேட்டால் எப்படி இருக்கும். அதுதான்.

எல்லாம் நின்றுபோனது. ஸ்டான்லி சார் இரண்டு குச்சியையும் மேலே தூக்கியபடி இருந்தார். ஆசான் கண்ணைத் திறந்துவிட்டார், அவர் கை பொன்னாடைக்குள் சிக்கிக் கிடந்தது. ஃப்ரெடி சார் அரக்குப் பட்டுக்குள் சாக்ஸஃபோனைத் தேடிக்கொண்டிருந்தார். நடுமேடையில், விளக்கு வெளிச்சத்தில், கழன்று விழுந்த தட்டைக் குனிந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான். சுவரோரம் நிமிஷா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் ஒரு ஆள் அசையவில்லை.

அந்த அமைதியில்தான் எனக்குப் புரிந்தது, பாட்டு முடியவில்லை என்று. எப்படிப் புரிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் தெரியாதா. என் மகளுக்கு இருந்தது ஒரு சாயங்காலம், அதை நான் இழுத்துக் கீழே போட்டுவிட்டேன். செண்பகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது ஒரு சொடக்குச் சத்தம் கேட்டது. இன்னொன்று. நிதானமாக, ஒரே அளவில். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டு, சொடக்குப் போட்டுக்கொண்டே மைக்குக்கு வந்தாள். வந்து, எதுவுமே நடக்காத மாதிரி, பாட்டின் அடுத்த வரியை எடுத்தாள். வாத்தியம் ஒன்றும் இல்லை. அவள் குரல் மட்டும்.

அவள் மறக்கவே இல்லை. எந்த இடத்தில் வர வேண்டும் என்று அந்தக் களேபரத்திலும் எண்ணிக்கொண்டே நின்றிருக்கிறாள்.

ஆசான் மெதுவாகக் கையை உருவி ஒரு டும் வைத்தார். ஃப்ரெடி சார் பொன்னாடையைத் தோளுக்குத் தள்ளிவிட்டு உள்ளேயிருந்து வாத்தியத்தை எடுத்தார். ஸ்டான்லி சார் தொடங்கினார். அவருக்கு அந்தத் தட்டு வேண்டிய இடம் வந்ததும், எட்டி, என் கையில் இருந்ததைக் குச்சியால் ஒரு தட்டுத் தட்டினார். என் பல் வரைக்கும் அதிர்ந்தது. அடுத்த முறை நானே கொஞ்சம் முன்னால் நீட்டிக் கொடுத்தேன். ஆரத்தித் தட்டை ஏந்தின மாதிரி பாட்டு முடிகிறவரை நின்றேன்.

பாட்டு முடிந்தது. ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. நான் அசையவே இல்லை. கையில் தட்டு, கண் ஸ்டான்லி சார் மேல். இனி இந்த ஊர் கைதட்டை நான் நம்புவதாக இல்லை.

ஃப்ரெடி சார் என் பக்கம் குனிந்தார். "அம்மே, இப்போதான் முடிஞ்சது."

அது மைக்கில் போய், சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார், கோபம் இல்லாமல்.

"கை தட்டினாங்களே சார்."

"அது நான் தனியா வாசிச்சதுக்கு. எங்க வழக்கம் அது. ஒவ்வொருத்தர் வாசிச்சதும் தட்டுவாங்க."

"அதுமட்டுமில்ல. இவ பாட்டை மறந்துட்டா, நீங்க காப்பாத்தறீங்கன்னு நெனச்சேன்."

"அம்மா" என்றாள் செண்பகம். அதுவும் மைக்கில்தான் போனது.

ஃப்ரெடி சார் சிரிக்கவில்லை. "மறக்கல்ல, கேட்டோ. அவ வழி விட்டா. பாட்டைத் தொடங்கி வச்சுட்டு, நாங்க எல்லாரும் எங்களுக்குள்ளதைச் சொல்லித் தீக்கற வரைக்கும் ஒதுங்கி நிக்கணும். அது பாடறவங்க முறை. ஆனா கடைசியில அவ திரும்பி வரணும். அவ வந்து பாடாம பாட்டு முடியாது."

ஒதுங்கி நிற்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் மைக்கின் உயரத்தைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

"இவங்களைக் கீழ அனுப்பாதீங்க, திரும்ப ஏறி வருவாங்க" என்றார் ஸ்டான்லி சார். "எனக்குப் பக்கத்தில ஒரு கசேரை போடுங்க. நான் பாத்துக்கறேன்." நாற்காலி வந்தது. அவர் மஞ்சள் பொன்னாடையைத் திருகிலிருந்து எடுத்து, தலையில் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார். அன்று மிச்சப் பாட்டு முழுவதும் நான் மேடையில்தான் இருந்தேன். காப்பியோடு வந்த மாளவிகா சோபாவில் என்னைக் காணாமல் பாத்ரூம் வரை போய்த் தேடிவிட்டு, மேடையைப் பார்த்து நின்றுவிட்டாளாம்.

எல்லாம் முடிந்ததும் நேராக நிமிஷாவிடம் போனேன். யாரிடமும் இறங்கிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அன்று பேசினேன்.

"பிள்ளே, தப்பு என்னுது. எனக்க மகளோடது இல்ல. கொச்சிப் பெண்ணைக் கூப்பிட்டுராத."

"கொச்சிக்கு நான் மெசேஜ் அனுப்பிட்டேனே அம்மூம்மே" என்றாள்.

பக்கத்தில் இருந்த முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்னு அனுப்பிட்டேன்" என்றாள். "சேச்சி சொடக்குப் போட்டப்பவே. அந்தச் சத்தத்துக்கு அப்புறம் பாட்டைக் கையில எடுக்கற ஆளை நான் இனி எங்க போய்த் தேடறது?"

திரும்பி வரும்போது ஆட்டோவில் செண்பகம் பேசவே இல்லை. ஸ்ரீகார்யம் தாண்டியது. உள்ளூர் ஜங்ஷன் தாண்டியது. பேசினால் திட்டுவாளோ என்று பயம். தம்பானூரில் சிக்னலில் நிற்கும்போது அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"சபைக்குக் கும்பிடு வேற போட்டீங்களேம்மா" என்றாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "மூணு பொன்னாடை வாங்கினீங்க. எனக்கு ஒண்ணு வாங்கணும்னு தோணல்ல, இல்லையா?"

"நீ நம்ம வீட்டு ஆளுல்லா. உனக்கு எதுக்கு?"

"அதுவும் சரிதான்" என்றாள்.

அது சரியில்லை என்று வீடு வந்து படுத்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த மாதச் சனிக்கிழமை நான் நாலு கொண்டு போனேன். நாலாவது நீலம், அந்தக் கைத்தறிப் புடவைக்குச் சேருகிற மாதிரி பார்த்து எடுத்தது. என் நாற்காலி ஸ்டான்லி சார் பக்கத்தில் போட்டிருந்தது. கடைசிப் பாட்டு முடிந்ததும் அவர் குச்சியை உயர்த்திக் காட்டினார், இப்போது போகலாம் என்று. நான் முதலில் செண்பகத்திடம்தான் போனேன். பெரியவர்கள் மூன்று பேரும் காத்து நின்றார்கள். அவள் குனிந்து தோளைக் கொடுத்தபோது, ஜனம் தட்டின கைதட்டு எதற்கு என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இப்போது மாதாமாதம் அதுதான் வழக்கம். குச்சி உயர்ந்தால்தான் நான் எழுந்திருப்பேன். பொன்னாடை வாங்காமல் அந்த மூன்று பேரும் வாத்தியத்தைப் பெட்டியில் வைப்பதில்லை. மற்ற சபைகளிலும் இந்த மரியாதையைத் தொடங்கினால் என்ன என்று ஆசான் கேட்டிருக்கிறார். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் கதை வேறு. யாராவது பேசும்போது இன்னொருத்தர் நடுவில் வாயைக் கொடுத்தால், "பொன்னாடையை உள்ள வையி" என்பார்கள். பெங்களூரில் இருக்கிற மகன் போனில், நான் அவன் பெண்டாட்டியின் பேச்சில் குறுக்கே புகுந்தால், "அம்மா, அவ இன்னும் வாசிச்சு முடிக்கல்ல" என்கிறான். போன வாரம் சாமி கும்பிடுகிறபோது நான் சீக்கிரமாகச் சூடத்தை எடுத்துவிட்டேன் என்று கடைக்குட்டியின் மகன், நாலு வயதுப் பயல், "ஆச்சி, குச்சி இன்னும் தூக்கல்ல" என்றான். அவனுக்கு இந்தக் கதை எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டு நாராயண பிள்ளை இப்போது என்னைப் பார்த்தால் கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

சரி மாளு, அடித்தது போதும். உங்க அத்தை ப்ராக்டீஸ் முடிஞ்சு வர்றதுக்குள்ள மேல இருந்து ஒரு தடவை வாசிச்சுக் காட்டு. நிதானமா வாசி. செண்பகம்னு அவ பேரு வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் சத்தமா.